முடித்தவர், முடிந்தவர், மற்றும் பலர்

ஒரு காட்டில், காரணத்தோடு ஓடிய காலம் போய், காரணமில்லாமல் ஓடும் காலம் வந்திருந்தது.

முன்பு அங்கே ஒரு புலி இருந்தது. அது இருந்தவரை மானும் முயலும் நன்றாகவே ஓடின. அதற்காக யாரும் அவற்றின் கழுத்தில் பதக்கம் மாட்டவில்லை. பிறகு புலியைச் சரணாலயத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, வண்டியில் வருகிறவர்களுக்கு முகம் காட்டிக்கொண்டு அது சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. துரத்த ஆளில்லாமல் போனதும் காட்டுக்கு வயிறு பெருத்தது. சாயங்காலங்கள் நீண்டுபோயின. தலைமை தாங்க ஒன்றும் அகப்படாமல் வாடிக்கொண்டிருந்த கடமான் சாரங்கபாணி, அப்போதுதான் முப்பந்தயச் சங்கத்தைத் தொடங்கினார்.

முப்பந்தயம் என்றால், முதலில் ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் சைக்கிளில் ஏறிக் காட்டைச் சுற்றிவர வேண்டும். இறங்கியதும், கால் நடுக்கம் நிற்பதற்குள், குன்றின் உச்சிக்கு ஓட வேண்டும். உச்சியில் ஒன்றும் இல்லை. குறுக்கே கட்டிய ஒரு கயிறும், ஒரு மைக்கும், தலைவரும் இருப்பார்கள். ஏரிக்கரையில் கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடங்கிவைத்து, தானும் பந்தயத்தில் கலந்துகொண்ட தலைவர், எல்லோருக்கும் முன்பே உச்சிக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் உடம்பு நனைந்திருப்பதும் இல்லை.

இந்தச் சங்கத்தில் வேலாயி என்றொரு முள்ளம்பன்றி உறுப்பினராக இருந்தாள்.

பிள்ளைகள் வளர்ந்து வேறு வளைகளுக்குப் போய்விட்டார்கள். இருந்த நாளிலும் அவர்களுக்கு அவள் அம்மாதான். அண்டை அயலுக்கு, கதிர்வேலு வீட்டம்மா. கதிர்வேலுவுக்கோ, கல்யாணமான நாளிலிருந்து அவள் 'இந்தா'. 'இந்தா, கிழங்கு வெந்ததா?' 'இந்தா, மழை வருது பாரு.' கெட்டவனில்லை, கூப்பிட்டுப் பழகவில்லை, அவ்வளவுதான். தன் பெயரை யாராவது ஒருமுறை உரக்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்ற ஆசை, வளை காலியான பிறகு அவளுக்குள் முளைத்தது. பந்தயத்தில் ஓடினால் பெயரை மைக்கில் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சங்கத்தில் சேர்ந்தாள். உடம்பு இளைக்க வேண்டும் என்று வெளியில் சொல்லிக்கொண்டாள்.

முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குகிறவை. சங்கத்துக்காக அவள் பகலில் விழித்திருக்கப் பழகினாள். இந்தச் சாதனை எந்த அறிக்கையிலும் வரவில்லை.

சங்கத்தில் தோற்றவர் என்று ஒருவரும் கிடையாது. அதற்காகத்தான் பிரிவுகள். கொம்புள்ள ஆண்கள் பிரிவில் தலைவர் ஒருவரே. ஆகவே முதல் பரிசு எப்போதும் அவருக்கு. நீண்ட காதுடைய பெண்கள் பிரிவில் முயல் அஞ்சலை. நீண்ட வாலுடைய ஆண்கள் பிரிவில் கீரி கீர்த்திவாசன். நீர்நாய் நீலகண்டன் நீந்தி முடித்ததும் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நீச்சலோடு நிற்போர் பிரிவில் அவரை வெல்ல இன்னொருவர் பிறந்து வரவேண்டும். ஒரு நத்தை, போன கோடையில் தொடங்கிய பந்தயத்தை இந்தக் கோடையில்தான் நடுவழிக்குக் கொண்டுவந்திருந்தது. ஒரே மூச்சில் இரண்டு கோடைகளில் பங்கேற்ற வீரர் என்று அதற்குத் தனிக் கேடயம்.

வேலாயி ஒருநாள் தலைவரிடம் போனாள்.

"ஐயா, முள்ளு இருக்கறவங்களுக்குன்னு ஒரு பிரிவு வெக்கலாமுங்களா?"

"எத்தனை பேர் இருக்கீங்கம்மா?"

"நான் ஒருத்திதாங்க."

"ஒரே ஆளுக்குப் பிரிவு வெச்சா, அப்புறம் போட்டிங்கிற சொல்லுக்கு என்னம்மா மரியாதை?"

"கொம்புப் பிரிவுலயும் நீங்க ஒருத்தர்தானுங்களே?"

தலைவர் கொம்பைத் தடவிக்கொண்டார். "அது வேறு," என்றார்.

அது எப்படி வேறு என்று மேற்கொண்டு கேட்கும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை. வேலாயி 'இதரர்' பிரிவில் ஓடினாள். இதரருக்குப் பரிசு இல்லை. பழச்சாறு உண்டு, தீராமல் இருந்தால்.

பந்தயத்துக்கு மறுநாள் காலையில், சங்கத்தின் செய்தியாளர் மைனா சொர்ணவல்லி நாவல் மரத்து உச்சியில் உட்கார்ந்து, காடு முழுக்கக் கேட்கும்படி அறிக்கை வாசிப்பாள். கோடையின் முதல் பந்தயத்துக்குப் பிறகு வேலாயி மரத்தடிக்கே போய் நின்றுகொண்டாள்.

"நேற்று நடந்த கோடை முப்பந்தயத்தில் தலைவர் சாரங்கபாணி கொம்புள்ளோர் பிரிவில் முதலிடம் பெற்று, தமது சொந்தச் சாதனையைத் தாமே முறியடித்தார். அஞ்சலை, நீலகண்டன், கீர்த்திவாசன் ஆகியோரும் அவரவர் பிரிவில் முதலிடம் பெற்றனர். மற்றும் பலர் கலந்துகொண்டனர்."

வேலாயி சற்று நேரம் காத்திருந்தாள். மைனா அலகைத் துடைத்துக்கொண்டு பறந்துபோனாள்.

இரண்டாம் பந்தயத்திலும் அதேதான். மற்றும் பலர். அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. முள்ளோடு அதற்குள் நிற்பது சிரமமாக இருந்தது.

உண்மையில் அவள் மோசமாக ஒன்றும் ஓடவில்லை. முள்ளுக்குள் காற்று இருப்பதால் தண்ணீரில் தக்கையாக மிதந்தாள். சைக்கிளில்தான் தொல்லை. உதிர்ந்த முள் அவள் டயரிலேயே குத்தும். பின்னால் வருகிறவர் டயரிலும் குத்தும். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிக்கொண்டு காற்றுப்படாமல் ஓட்டக் கூடாது என்று சங்கத்தில் விதி உண்டு. வேலாயி விஷயத்தில் அந்த விதி ஒருபோதும் தேவைப்படவில்லை. பந்தயம் முடிந்து உச்சியில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்ளும்போதும் அவளைச் சுற்றி ஒரு சின்ன வெற்றிடம் இருக்கும்.

அவளோடு பயிற்சி செய்த ஒரே ஆள் கீரி கீர்த்திவாசன். கையில் ஒரு வாட்ச் கட்டியிருப்பான். தூரத்தையும் வேகத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் காட்டுவதோடு, 'சபாஷ்' என்றும் சொல்லும் வாட்ச் அது. ஒருநாள் ஏரியின் நடுவில் அது நின்றுவிட்டது. கீர்த்திவாசன் கரைக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து நீந்தினான்.

"ஏன்டா தம்பி, பாதி தூரம் வந்துட்டியே, அப்படியே போயிருக்கலாமே?"

"வாட்ச்ல ஏறலைன்னா நீந்தினதாவே அர்த்தமில்லைக்கா."

"தண்ணி உம்மேல பட்டுச்சில்ல?"

"பட்டா? அதை யாருகிட்ட காட்டறது?"

வேலாயிக்கு அது வேடிக்கையாக இருந்தது. நாவல் மரத்தடி ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கோடையின் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் தலைவர் ஓர் அறிவிப்பு செய்தார். பிரிவுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒட்டுமொத்தத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் முடிப்பவர்களுக்கு நாற்சந்தியில் பேனர் வைக்கப்படும். ஆளுக்கொரு பேனர். நடுவில் படம், கீழே பெயர், பெரிய எழுத்தில்.

வேலாயி அன்றிலிருந்து கிழங்கைப் பாதியாகக் குறைத்தாள்.

"இந்தா, எதுக்கு இப்படி உடம்பைக் கெடுத்துக்கற?" என்றான் கதிர்வேலு.

"பேர் வாங்கணும்."

"இருக்கற பேரு போதாதா?"

"எங்க, அதைச் சொல்லு பாப்போம்."

கதிர்வேலு ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பந்தயத்தன்று அனல் காற்று. ஏரி வற்றிப்போய்ப் பாதி தூரம் சேறு. வேலாயி மிதந்தாள், புரண்டாள், எழுந்தாள். சைக்கிளில் பஞ்சர் ஆகவில்லை; உதிரக்கூடிய முள்ளையெல்லாம் முன்கூட்டியே பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கிவிட்டிருந்தாள். குன்றின் ஏற்றத்தில், முன்னால் ஓடிக்கொண்டிருந்த கீர்த்திவாசனின் வால் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வால் பக்கவாட்டில் வந்தது. அப்புறம் காணவில்லை. கயிற்றைத் தாண்டியபோது அவளுக்கு முன்னால் இருவர்தான் இருந்தார்கள். யாரோ ஒரு மாலையை எட்ட நின்று வீசினார்கள். அது முள்ளில் மாட்டிக்கொண்டது. களைப்பில் கண்ணை மூடினாள். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார்கள்.

கீர்த்திவாசன் பின்னால் வந்து, வாட்சைத் தட்டித் தட்டிப் பார்த்து, அது கெட்டுப்போய்விட்டதாகவும், இல்லாவிட்டால் நடந்திருப்பதே வேறு என்றும் எல்லோரிடமும் சொன்னான்.

வேலாயி வளைக்கு வந்து படுத்தாள். ஒரு கோடை முழுக்கப் பகலில் சேர்த்துவைத்த தூக்கம். படுத்தவள் எழவில்லை.

அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்தவை பின்னால் அவளுக்குத் தெரியவந்தன.

காட்டில் பேனர் அடிக்கிறவர் மரங்கொத்தி மாணிக்கம். மைனா கிளையில் உட்கார்ந்து வாசகத்தைச் சொன்னாள்: "கோடைப் பந்தயத்தில் முடித்தவர், வேலாயி." அவர் கொத்திக்கொண்டே கேட்டார். கொத்துகிற சத்தத்தில் ஒரு மெய்யெழுத்து மாறிக் கேட்டது. "கோடைப் பந்தயத்தில் முடிந்தவர், வேலாயி" என்று பதிந்தார். பதித்ததைப் படித்துப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு கனத்தது. மாலையோடும் மூடிய கண்ணோடும் படம் வேறு. அவரிடம் வாழ்த்துக்கு ஒரு சட்டமும் அஞ்சலிக்கு ஒரு சட்டமும் தயாராக இருந்தன. இரண்டிலும் கைகூப்பியபடி தலைவர் இருப்பார். அஞ்சலியில் கொஞ்சம் சின்னதாக இருப்பார். முடிந்தவரைச் சுற்றி வாழ்த்துப் பூப் போட மாணிக்கத்துக்கு மனம் வரவில்லை. சட்டத்தை மாற்றினார். அடியில் 'கண்ணீருடன்' என்று ஒரு சொல்லையும் தன் பங்காகச் சேர்த்தார்.

பேனரைப் பார்த்துவிட்டுத் தலைவரே நேரில் வளைக்கு வந்தார். வாசலில் கதிர்வேலு இருந்தான்.

"கதிர்வேலு, கேள்விப்பட்டது நிஜமா?"

"என்னங்கய்யா?"

"வேலாயி..."

"தூங்கறாளுங்க."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "அமைதியாகத்தானே?"

"ரொம்ப அமைதியா. பந்தயம் முடிஞ்சு வந்து படுத்தவதான். கூப்பிட்டுப் பாத்தேன், அசையலை. பாவம், இந்தக் கோடை பூரா ரொம்பப் பாடுபட்டுட்டா. இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நீ மனசைத் தளர விட்டுடாதே."

"நான் எதுக்குங்க தளரணும்? நானே பொங்கித் தின்னுக்குவேன்."

என்ன மனத்திடம், என்று வியந்துகொண்டே தலைவர் போனார்.

வேலாயி ஒரு காலை கண் விழித்தாள். பேனர் வைத்திருப்பார்கள் என்ற நினைவு வந்ததும் உடம்பு வலி பறந்துவிட்டது. முள்ளை வாரிக்கொண்டு நாற்சந்திக்குப் போனாள். அங்கே ஒரு கூட்டம். இவ்வளவு பேர் பார்க்க வந்திருக்கிறார்களா என்று கூச்சம் வந்து, உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பேனர் தெரிந்தது. வேலாயி. அவ்வளவு பெரிய எழுத்தில் அவள் தன் பெயரைப் பார்த்ததில்லை. 'வே'யின் கொம்பே ஓர் ஆள் உயரம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கண்ணைக் கீழே இறக்கினாள். கண்ணீருடன்.

மைக்கில் முயல் அஞ்சலை பேசிக்கொண்டிருந்தாள். "வேலாயியக்கா முள்ளு குத்தி எத்தனையோ தடவை என் டயர் பஞ்சர் ஆகியிருக்கு. ஒவ்வொரு தடவையும் அவங்களே பந்தயத்தை விட்டுட்டு உக்காந்து ஒட்டிக் குடுத்துட்டுத்தான் போவாங்க. நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. திட்டித்தான் இருக்கேன்." அஞ்சலை காதால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்து கீர்த்திவாசன். "இன்னிக்கு ஒரு உண்மையைச் சொல்லிடறேன். குன்று ஏத்தத்துல வேலாயியக்கா என்னை முந்திப் போனாங்க. என் வாட்ச் கெட்டுப்போகலை. நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கெட்டுப்போய்ப் பொய் சொன்னேன்." சொல்லிவிட்டு விம்மினான். வாட்ச் அவன் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்து, 'சபாஷ்' என்றது.

பிறகு மைனா சொர்ணவல்லி எழுந்தாள். வேலாயி மிதந்த விதம், ஏறிய விதம், அவளுடைய புன்னகை, பகலில் அவள் விழித்திருந்த தியாகம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். வேலாயி, வேலாயி என்று வரிக்கு ஒருமுறை பெயர் வந்தது. பேச்சு முடியும் வரை 'மற்றும் பலர்' வரவே இல்லை.

முடிவில் தலைவர். "இன்று முதல் சங்கத்தில் முள்ளுள்ளோர் பிரிவு தொடங்கப்படுகிறது. ஆண்டுதோறும் வேலாயி நினைவுக் கோப்பை வழங்கப்படும்." ஒரே ஆளுக்குப் பிரிவு வைக்கத்தான் அவருக்குத் தயக்கம். இப்போது அந்த ஒரு ஆளும் இல்லாததால் சிக்கல் தீர்ந்துவிட்டது.

வேலாயிக்கு அழுகை தாங்கவில்லை. புதரை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, நான் சாகலைங்க."

அஞ்சலை அலறினாள். முதலில் பேசியது கீர்த்திவாசன்.

"எப்பலேருந்துக்கா அங்க நின்னுட்டிருந்தீங்க?"

"நீ வாட்ச் கதையைச் சொன்னதுக்கு முன்னாடியே வந்துட்டேன்டா தம்பி."

"அது... அஞ்சலின்னா அப்படித்தான்க்கா பேசணும். வாட்ச் நெசமாவே கெட்டுத்தான் போச்சு."

தலைவரின் முகம் சிவந்திருந்தது. "வேலாயி, உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலை. கோப்பைக்குச் சொல்லியாச்சு. யானையைத் தலைமை தாங்கக் கூப்பிட்டாச்சு. அங்கே வடை வெந்துக்கிட்டிருக்கு. இப்போ வந்து உயிரோட இருக்கேன்னு சொன்னா என்னம்மா அர்த்தம்? ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தூங்கிட்டேனுங்க."

"அதைத்தான் உன் வீட்டுக்காரரும் சொன்னார்," என்றார் தலைவர் கசப்போடு.

மைனாதான் ஆறுதல் சொன்னாள். "இதுக்கு எதுக்கு எல்லாரும் பதறணும்? ஒரு மறுப்பு வாசிச்சுட்டாப் போச்சு. இப்பவே சொல்றேன், சரியான்னு பாருங்க." தொண்டையைச் செருமினாள். "பரவிவரும் வதந்திகளை நம்ப வேண்டாம். தலைவர் சாரங்கபாணி, அஞ்சலை, நீலகண்டன், கீர்த்திவாசன், மற்றும் பலர் உயிருடன் உள்ளனர்."

"இதுல நான் எங்கம்மா?"

"அதான் வந்துடுச்சேக்கா, கடைசியில. மற்றும் பலர்ல."

வேலாயி நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள். மாணிக்கம் ஏணியோடு வந்து அதைக் கழற்றுவதற்கு நின்றுகொண்டிருந்தார். காற்றில் அவள் பெயர் ஒருமுறை உப்பி அடங்கியது.

"இருக்கட்டும்," என்றாள்.

"எதும்மா?"

"பேனரு. நான் செத்துட்டேங்கறதும்தான். அப்படியே இருக்கட்டும்."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. "எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை!" என்றார் தலைவர். மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தார்கள். வேலாயியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு வடை கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தது.

வளைக்குத் திரும்பியதும் கதிர்வேலுவிடம் கேட்டாள். "என் பேனரைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு. உனக்கு அழுகையே வரலியா?"

"நீ பக்கத்துல படுத்துத் தூங்கிக்கிட்டிருந்த. அழுதா முழிச்சுக்குவியேன்னு இருந்துட்டேன்."

மழைக்கு முன்னால் வேலாயி நினைவுக் கோப்பைக்கான பந்தயம் நடந்தது. அதில் வேலாயியும் ஓடினாள். அவளுக்காக அமரர் பிரிவு என்று ஒன்று ஏற்படுத்தியிருந்தார்கள். மறைந்தவரை முந்துவது பண்பல்ல என்று எல்லோரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். வேலாயி நடந்தே உச்சிக்குப் போய்த் தன் நினைவுக் கோப்பையைத் தானே வாங்கினாள். மறுநாள் நாவல் மரத்து உச்சியிலிருந்து அறிக்கை இப்படித் தொடங்கியது: "அமரர் வேலாயி..." முதல் பெயர். தலைவருக்கும் முன்னால்.

குறை என்று சொல்ல அதிகமில்லை. பழச்சாற்று வரிசையில் நின்றால், "அவங்களுக்கு எதுக்கு? அங்க படத்துக்கு முன்னால வெச்சிருக்கே," என்பார்கள். வழியில் எதிர்ப்பட்டால் வணங்கிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். எப்படி இருக்கீங்க என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அபத்தமாக இருக்கும் என்று அவளுக்கும் புரிந்தது. கட்டிப்பிடிக்க முன்பும் யாரும் வந்ததில்லை. அந்த வகையில் நஷ்டமில்லை.

ஆனால் அந்தப் பேனரின் கீழே கீர்த்திவாசன் அடிக்கடி போய் நிற்பதை அவள் பார்த்தாள். ஒருநாள் அவன் மாணிக்கத்திடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"அண்ணே, அதே சட்டத்துல எனக்கும் ஒண்ணு. வாட்ச் தெரியற மாதிரி படம்."

"எப்பத் தம்பி தேதி?"

"சௌகரியப்பட்டபோது போட்டுக்குங்க."

கீர்த்திவாசனின் இரங்கல் கூட்டம் சிறப்பாக நடந்தது. அவனும் வந்திருந்து, பேசாமல் விட்டவர்களைக் குறித்துக்கொண்டான். அவனைப் பார்த்து அஞ்சலை இறந்தாள். நீலகண்டன் நீச்சலோடு நிற்காமல் இன்னும் ஒரு படி போய்விட்டார். மழைக்காலம் முடிவதற்குள் சங்கம் முழுக்க அமரராகிவிட்டது. தலைவர் மட்டும் இறக்கவில்லை. இரங்கல் கூட்டங்களுக்குத் தலைமை தாங்க ஒருவர் வேண்டுமே.

அடுத்த கோடை வந்தது. பந்தயத்தன்று ஏரிக்கரை நிறைய அமரர்கள். மறைந்தவரை முந்தக் கூடாது என்ற பண்பு இப்போது எல்லோருக்கும் எல்லோரிடமும் இருந்ததால், யாராலும் யாரையும் முந்த முடியவில்லை. "நீங்க போங்க." "ஐயோ, நீங்கதான் முன்னாடி செத்தீங்க, நீங்க போங்க." கையைக் கூப்பிக்கொண்டே நீந்தி, கையைக் கூப்பிக்கொண்டே சைக்கிள் ஓட்டி, கூட்டமாக, ஒரு சவ ஊர்வலத்தின் வேகத்தில் குன்றேறினார்கள். தலைவர் அந்த வருடம் ஓடவில்லை. அத்தனை பேருக்கும் மாலை போட ஆள் வேண்டியிருந்தது. நத்தை குன்றின் அடிவாரத்துக்கு வந்திருந்தது.

கதிர்வேலு அன்று காலையில் வளையில் இருந்து பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலாயி ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தாள். நாலு கிழங்கை இலையில் கட்டிக்கொண்டு, குன்றின் மறுபக்கத்து நடைபாதை வழியாக அவளைத் தேடிக்கொண்டு போனான். அங்கே குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. எதற்கு என்று தெரியவில்லை. தாண்டி உள்ளே போனான்.

"அதோ!" என்று மைனா கூவினாள். "ஒருத்தர் முடிச்சுட்டார்! உயிரோட முடிச்சுட்டார்!"

"அவர் நீந்தலையேம்மா," என்றார் தலைவர்.

"இருக்கட்டுங்கய்யா. மூச்சு விடறாரே, அது போதாதா? வேற ஆளுக்கு எங்க போறது?"

தலைவர் மாலை போட்டார். கதிர்வேலு கிழங்குப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அமரர்கள் ஒட்டுமொத்தமாக வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரையும் வரிசைப்படுத்துவது எப்படி என்று பேச்சு எழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்ததால், அகர வரிசைதான் நியாயம் என்று முடிவாயிற்று. மறுநாள் வரை காத்திருக்காமல், மைனா அங்கேயே மைக்கில் அறிக்கையை வாசித்தாள்.

"கோடை முப்பந்தயத்தில் உயிருடன் முடித்த ஒரே வீரர் என்ற அரிய சாதனையைக் கதிர்வேலு படைத்தார். கதிர்வேலுவின் இந்தச் சாதனை காட்டு வரலாற்றில் முதல்முறை. அமரர் பிரிவில், அமரர் அஞ்சலை, அமரர் கீர்த்திவாசன், அமரர் நீலகண்டன்..." இங்கே மூச்சு வாங்கியது. வெயில் வேறு. "...மற்றும் பலர் கலந்துகொண்டனர்."

வேலாயி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். அகர வரிசையில் 'வே' எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சற்று நேரம் காத்திருந்தாள்.

மைனா மைக்கைக் கதிர்வேலுவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உங்க சாதனையை யாருக்குச் சமர்ப்பிக்கறீங்க, அண்ணே?"

"சாதனையா? நான் எம் பொஞ்சாதிக்குக் கிழங்கு குடுக்க வந்தேன்."

"அப்ப அவங்களுக்குத்தான்னு சொல்லுங்க. பேரு?"

கதிர்வேலு கூட்டத்தைப் பார்த்தான். எல்லோரும் மாலை போட்டிருந்ததால் யார் எங்கே என்று தெரியவில்லை. கூப்பிட்டால்தான் வருவாள் போலிருந்தது. வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். இதற்குள் நிகழ்ச்சி நேரம் கடந்துவிட்டதென்று தலைவர் சாடை காட்ட, மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள்.

"வேலாயி," என்றான்.

மைக் இல்லாத குரல் கூட்டத்தின் பாதி தூரம்கூடப் போகாது. ஆனாலும் பின்னால் நின்ற அவள் முள்ளெல்லாம் சிலிர்த்தன. அக்கம்பக்கத்து அமரர்கள் விலகி வழிவிட்டார்கள்.

அவன் அருகில் வந்து நின்று, "கேக்கலை," என்றாள். "இன்னொரு தடவை சொல்லு."

"அதான் வந்துட்டியே," என்றான் கதிர்வேலு. "இந்தா, கிழங்கு."

மறுநாள் நாவல் மரத்திலிருந்து வந்த அறிக்கையின் கடைசி வரி: "வெற்றியைத் தம் மறைந்த மனைவிக்குச் சமர்ப்பிப்பதாகக் கதிர்வேலு கண்ணீர் மல்கக் கூறினார்." மனைவியின் பெயருக்கு இடமில்லை.

நீதி: பெயர் வாங்குவதற்காக உயிரை விடத் தயங்காதீர்கள், ஆனால் விடும் முன் பெயரை 'அ'வில் தொடங்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.